கழிவுச் சுருட்டு

விடியுமுன்னே பட்டறை நிறைந்துவிடும். ஈரம் தெளித்த புகையிலையின் நரம்பைக் கிழித்தெடுத்து, தூளை வைத்து இறுக்கி உருட்டி, பசை தொட்டு ஒட்டி, முனை நறுக்குவோம். நெடி தாங்காமல் பெண்கள் பத்துப் பேரும் மாற்றி மாற்றி இருமுவோம்.

ஜனங்கள் புகைப்பது குறையட்டும் என்று அரசாங்கம் வரியைக் கூட்டிச் சுருட்டு விலையை இரண்டு மடங்காக்கியது. நல்ல சட்டம்தான். கடைத்தெருவில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் மட்டும் விடவில்லை. எப்படி விடுவார்கள்? விற்பனை குறைந்ததும் முதலாளி கூலியில் பாதியை வெட்டி, அதற்கு ஈடாகக் கழிவுச் சுருட்டைக் கட்டிக் கொடுத்தார். கோணல், பிரிந்தது, முனை சிதைந்தது; விற்க முடியாது, பிடிக்கலாம். வீட்டுக்காரருக்கு ஆச்சு என்று நானும் வாயெல்லாம் பல்லாக வாங்கிப் போனேன். ஊருக்கெல்லாம் விலை ஏறியது, என் வீட்டில் ஓசி! அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

டாக்டர் என் வீட்டுக்காரரின் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதோட நிறுத்தினா இன்னும் கொஞ்ச நாள் இருப்பாரும்மா. இல்லேன்னா மழைக்காலம் தாண்டாது."

மறுநாளே முதலாளி ஒரு காகிதத்தோடு வந்தார். "விலைச் சட்டத்தை எடுக்கச் சொல்லி மனு. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. சட்டம் போனா பழைய கூலியைப் பத்தி யோசிக்கலாம்."

"மனு இருக்கட்டும் முதலாளி. கூலியைக் காசாவே குடுங்க. கழிவை எரிச்சிடுங்க" என்றேன்.

"சும்மா கிடைக்கிறது உனக்குக் கசக்குதா? எனக்கே லாபம் இல்ல."

"அப்போ புதுக் காரும் கழிவுல வந்ததுதானா?" என்றாள் பசை காய்ச்சும் நெட்டச்சி. பட்டறையே சிரித்தது.

அவர் முகம் கறுத்தது. "கையெழுத்துப் போடாதவங்களுக்கு நாளையிலேருந்து இலையும் கிடையாது, வேலையும் கிடையாது."

என் பங்குக் கழிவுச் சுருட்டுக் கட்டை அவர் மேஜையில் வைத்தேன். அடுத்து எழுந்தவள் நரம்பு கிழிக்கும் அக்கா.

"எங்க வீட்டுல புகைக்க இப்ப ஆளில்ல. போன வருஷம் அவரை இந்தக் கழிவுதான் கொண்டுபோச்சு" என்று சொல்லி அவளும் வைத்தாள். பிறகு பத்துக் கட்டும் வந்து சேர்ந்தன.

சாயங்காலம் வீட்டுக்காரர் கையை நீட்டினார். இல்லை என்றேன். திட்டினார், கெஞ்சினார், குழந்தைபோல் அழுதார். நானும் அழுதேன். அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கப்போகும் அந்தக் கொஞ்ச நாளுக்கு அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நெட்டச்சி வாசலில் வந்து நின்றாள். "நாளைக்குக் கூலியைக் காசாக் கேட்டுப் பட்டறை வாசல்ல உக்கார்றோம். பத்துப் பேரும்."

"இவரை யாருடி பாத்துக்குவா?"

"கூட்டிட்டு வா. எங்க வீட்டு ஆளும் சுருட்டு இல்லாம பித்துப் பிடிச்ச மாதிரி சுத்திக்கிட்டிருக்கு. எல்லாரும் முதலாளி காதுல விழுற மாதிரி ஒண்ணா உக்காந்து இருமட்டும்."