மூன்றாவது மருந்து

“கொடுவாள விடுப்பா! விட்டுடு!”

சிவரஞ்சனி இரண்டு கைகளாலும் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். தொங்கினாள் என்பதுதான் சரி. அவள் கால்கள் தரையில் பாவவே இல்லை. போன மாதம் ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்கமாட்டாமல் பாதியை மார்பில் கொட்டிக்கொண்ட கை அது. இன்றைக்கு அவளையும் சேர்த்துத் தூக்குகிறது.

“நவுருடி. ஒக்காந்துகினு கீறானுங்களே, உனக்குத் தெரியல?” காத்தான் கிசுகிசுத்தார். கண்கள் அவளைத் தாண்டி எங்கோ குத்தி நின்றன. “அடுப்பாண்ட பாரு. உங்கம்மாவ இஸ்துகினு போவத்தான் வந்துக்கீறானுங்க.”

அடுப்பாண்டை தைலம்மாள் மட்டும்தான் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முந்தானைக்குள் கையைச் செருகிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒண்டியிருந்தாள். அவளுக்கும் கொடுவாள் நுனிக்கும் நடுவில் ஓர் உலக்கை போடும் இடம்கூட இல்லை.

“அம்மா, வெளிய ஓடு!”

தைலம்மாள் அசையவில்லை.

காத்தானின் உடம்பு மட்டும் ஒரு நொடி சும்மா இல்லை. கழுத்து ஒரு பக்கம் முறுக்கியது, தோள் இன்னொரு பக்கம் நெளிந்தது, இடுப்பு தனியாக வளைந்தது. உள்ளே யாரோ புகுந்துகொண்டு ஆட்டிவைப்பதுபோல. அந்த முறுக்கலில் கொடுவாள் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே தெரியாது.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன் வெற்றிசெல்வன். ஒரே தாவல். பின்னாலிருந்து அப்பாவைக் கட்டிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கொடுவாளைப் பிடுங்கி முற்றத்துக்கு வீசினான். இரும்பு பாறையில் பட்டுத் தெறித்த சத்தம் கேட்ட பிறகுதான் சிவரஞ்சனி மூச்சு விட்டாள்.

விட்ட கையோடு மாடத்துக்குப் பாய்ந்தாள். அங்கிருந்த மாத்திரைப் பையை அள்ளிக்கொண்டு அடுப்பை நோக்கி ஓடினாள்.

“இன்னாடி பண்ற?”

“எரிக்கிறேன். இந்தப் புது மாத்திர வந்ததுலேருந்துதான் இந்தக் கூத்து!”

வெற்றிசெல்வன் அவள் கையை முறுக்கிப் பையைப் பறித்தான்.

“பைத்தியமா உனக்கு? இத நிறுத்தவே கூடாது. நேரத்துக்குக் குடுத்துகினே இருக்கணும்.”

குடுத்துகினே இருக்கணும். அந்த வார்த்தை அவள் முதுகில் ஈரத் துணிபோல் ஒட்டியது.

காத்தானுக்கு நடுக்குவாதம். டவுன் டாக்டர் அதைப் பார்க்கின்சன் என்பாள். வருஷக்கணக்காக ஒரு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அது உச்சிவேளைக்குள் வேலை தீர்ந்து, மனிதர் நட்ட கல்லாக நின்றுவிடுகிறார் என்று, போன வாரம் கூடவே இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போனது வெற்றிசெல்வன். மேட்டுக்குக் கீழே இருக்கும் தன் வீட்டிலிருந்து வேளாவேளைக்கு ஏறி வந்து எடுத்துக் கொடுப்பதும் வெற்றிசெல்வன். வேறு யாரையும் பையைத் தொட விடுவதில்லை.

போன வாரமே அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். கச்சிராயபாளையத்தில் புருஷன் வீட்டில் இருந்த தங்கையைப் போனில் கூப்பிட்டு, “இனிமே இவங்கள இந்த மேட்டுல தனியா வுட முடியாது. அப்பாவ நான் வச்சிக்கிறேன், அம்மாவ நீ கூட்டிகினு போ. இந்த வூட்டையும் கொல்லையையும் யாருக்குனா குத்தகைக்கு வுட்டுடலாம்” என்றான். அதைக் கேட்டுத்தான் அவள் பஸ் ஏறி வந்ததே.

ஒருவேளை... அவள் அந்த நினைப்பை முடிக்கவில்லை. முடிக்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறினால்தான் போனில் சிக்னல். சிவரஞ்சனி தவழ்ந்து ஏறி, மாடத்திலிருந்து எடுத்துவந்த மருந்துச் சீட்டில் இருந்த நம்பரை அழுத்தினாள்.

கள்ளக்குறிச்சி டாக்டர் அருள்மொழி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு அமைதியாக, ஆனால் அழுத்தமாகப் பேசினாள்.

“மாத்திரையை ஒரேயடியா நிறுத்திடாதீங்கம்மா. திடீர்னு நிறுத்தினா காய்ச்சல் கொளுத்தும், உடம்பு கட்டையா விறைச்சுக்கும். உயிருக்கே ஆபத்தாயிடும். குறைக்கிறதை நான் நேர்ல பார்த்துக் குறைக்கிறேன். உடனே கிளம்பி வாங்க. வீட்ல அவர் என்னென்ன சாப்பிடறாரோ அத்தனையும் எனக்குத் தெரிஞ்சாகணும்.”

கொடுத்தாலும் பயம், நிறுத்தினாலும் பயம். பாறையிலிருந்து இறங்கி அண்ணனிடம் ஓடினாள்.

அண்ணனின் பழைய ஜீப். முன்னால் அவன். பின்னால் அப்பாவை நடுவில் போட்டு, ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அம்மா. வெள்ளிமலையைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாத பள்ளம்.

“அம்மா, நீ எதுனா சாப்பிட்டியா?”

தைலம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை. காலையில் கரைத்த கூழ் சட்டியோடு கவிழ்ந்து கிடந்தது.

பாதி இறக்கத்தில் காத்தான் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றார். வண்டி நின்றது. வெற்றிசெல்வன் அவரைத் தாங்கி ஓரமாக நிறுத்தினான். முகத்தைத் திருப்பிக்கொண்ட சிவரஞ்சனி தற்செயலாகக் கீழே பார்த்தாள். வெள்ளைக் கல்லின் மேல் செம்பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

“அண்ணா! ரத்தம்!”

“ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. அது அப்டிதான் போவும். நீ வண்டில ஏறு.”

குரலில் ஒரு பதற்றம் இல்லை. பெற்ற தகப்பன் ரத்தமாகப் போகிறார், இவன் பீடிக்காரனிடம் தீப்பெட்டி கேட்கிற மாதிரி பேசுகிறான். இவனுக்கு ஏன் ஆச்சரியமாக இல்லை? முன்பே தெரியுமா? தெரிந்துதான் கொடுத்துக்கொண்டிருக்கிறானா?

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் மஞ்சளாக வெளுத்திருந்தது. அம்மாவும் அதையேதான் நினைக்கிறாள் என்று சிவரஞ்சனி முடிவு கட்டினாள்.

திரும்ப வண்டியில் ஏற்றிக் கிளம்பியதும் காத்தான் கண்கள் செருகி அவள் மேலேயே சாய்ந்தார். “தலய சுத்துது பாப்பா,” என்றார், பழைய குரலில், பழைய அப்பாவாக. அவள் நெஞ்சு இளகிய மறு நொடி, அவர் மின்னலாக எழுந்து மகனின் இரண்டு தோள்களையும் பின்னாலிருந்து கவ்வினார்.

“நிறுத்துடா! ஆளு நிக்கிறான்! ரோட்டு நடுவுல குழந்தையோட நிக்கிறான்!”

ரோட்டில் ஈ காக்கை இல்லை. எதிரே வளைவு. ஜீப் பள்ளத்துப் பக்கம் பாய்ந்தது. சிவரஞ்சனி அலறக்கூட மறந்தாள். முன்சக்கரம் சரளையில் சறுக்கி, சிறு கற்கள் உருண்டு, உருண்ட சத்தம் கீழே எங்கோ கேட்காமலே போயிற்று. வெற்றிசெல்வன் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, பாறைச் சுவரில் வண்டியை உரசி நிறுத்தினான்.

“அவரப் புடிச்சுகினு ஒக்காருன்னா ஒக்கார மாட்டியா? எல்லாரும் சேந்து போயிருப்போம்டி!”

“நீ இன்னா குடுத்த அவருக்கு?” என்று கத்தினாள் அவள். வந்தேவிட்டது. “சீட்டுல எழுதுனதுக்கு மேல இன்னா குடுத்த?”

வெற்றிசெல்வன் கண்ணாடியில் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் வந்தது கோபமா, திருட்டுமுழியா, அவளால் சொல்ல முடியவில்லை. வண்டியைக் கிளப்பினான். கோமுகி அணை வந்தது, கச்சிராயபாளையம் போனது, கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கள்ளக்குறிச்சி வந்தது. வழி நெடுக அவள் அப்பாவைக் கட்டிப் பிடித்திருந்தாள். தைலம்மாள் முந்தானைக்குள் செருகிய கையை வெளியே எடுக்கவே இல்லை.

டாக்டர் அருள்மொழி காத்தானைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். நிற்கவைத்துப் பார்த்தாள். நிற்கும்போது கிடுகிடுவென்று இறங்கியது. முறுக்கலைப் பார்த்தாள். “இப்ப யார் தெரியறாங்க தாத்தா?” என்று கேட்டாள். “உன் பின்னால ஒருத்தன்” என்றார் காத்தான். டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. சிவரஞ்சனி பார்த்தாள். திரும்பிய பிறகு வெட்கமாக இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

அவரை உள்ளே நர்ஸிடம் விட்டுவிட்டு டாக்டர் மேஜைக்கு வந்தாள்.

“டாக்டரம்மா, அவருக்கு ஒண்ணுக்கு ரத்தமா போவுது.”

“ரத்தமில்லம்மா. அந்தப் புது மாத்திரையோட நிறம். அது போற வழியெல்லாம் சாயம் ஏத்தும். பயப்படாதீங்கன்னு உங்க அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேன்.”

வெற்றிசெல்வன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் பையைக் கொட்டி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிவரஞ்சனி அவள் முகத்தையே பார்த்தாள். இதோ, இப்போது தெரிந்துவிடும்.

“எல்லாம் சரியா இருக்கு. ஒரு மாத்திரை ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. நிறுத்தாம கொடுத்ததும் சரிதான்.”

“கேட்டுக்கோ,” என்றான் வெற்றிசெல்வன். “கொலகாரப் பட்டம் கட்டுனியே.”

அவளுக்குத் தலை குனிந்தது. ஆனால் டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“பாருங்க. பழைய மாத்திரைதான் மூளைக்குப் போய் வேலை செய்யிற சரக்கு. புது மாத்திரை தனியா ஒண்ணும் பண்ணாது. அந்தச் சரக்கு சீக்கிரம் கரைஞ்சு போகாம காவல் காக்கும், அவ்வளவுதான். இப்ப இவருக்கு இருக்கிற முறுக்கல், ஆள் தெரியறது, தலை சுத்தல், எல்லாமே சரக்கு ஏகத்துக்கு ஏறினதோட அடையாளம். நான் எழுதின அளவுக்கு இவ்வளவு ஏறாது. அதே சரக்கு வேற எங்கிருந்தோ உள்ள போகுது. எதுன்னு தெரியாம நான் குறைச்சா, ரொம்பக் குறைஞ்சும் போகலாம். அதுவும் ஆபத்து. சொல்லுங்க, நாட்டு மருந்து, லேகியம், பொடி, எதுனா?”

“இல்லவே இல்ல டாக்டரம்மா,” என்றாள் சிவரஞ்சனி.

“சாப்பாடு யார் கொடுக்கிறது?”

“அம்மாதான். நாங்க அண்ணன் வூட்டுல சாப்பிடுவோம். அவங்க ரெண்டு பேருக்கும் அம்மா தனியா ஒரே சட்டியில கூழு கரைக்கும். அப்பாவுக்கு ஊட்டி வுட்டுட்டு மீதிய அது குடிக்கும்.”

மூன்று பேரும் தைலம்மாளைப் பார்த்தார்கள்.

அவள் தலை நிமிரவில்லை. உதடு முதலில் அசைந்தது. சத்தம் பிறகு வந்தது.

“பூனக்காலி.”

“என்ன சொன்னீங்க?”

“பூனக்காலி வெத. மேல காட்டுல கொடியில தொங்கும். காய் மேல மயிராட்டம் சொண இருக்கும், தொட்டா அரிக்கும். உள்ள இருக்கிற வெதய எடுத்து, பாலுல வேவ வச்சு, காய வச்சு இடிச்சு வச்சிருந்தேன். கூழுல ஒரு புடி போட்டுக் கரைப்பேன்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். “அந்த விதைக்குள்ள இருக்கிறதும் நடுக்கத்தை அடக்குற இதே சரக்குதாம்மா. முன்ன அது பாட்டுக்கு வரும், போகும். இப்ப காவல் போட்டாச்சு. மாத்திரையும் உடம்புலயே தங்குது, பொடியும் தங்குது. எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“ரெண்டு வருஷமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! புது மாத்திரை சேர்க்கும்போதாவது?”

“எப்டி சொல்லுவேன்? சொன்னா இவங்க எங்கள வூட்டுக்கு ஒருத்தரா பிரிச்சுடுவாங்களே.”

சிவரஞ்சனிக்குப் புரியவில்லை. அதைவிட ஆத்திரம்தான் முந்தியது. காலையிலிருந்து தேக்கிவைத்த பயமெல்லாம் அம்மாவின் மேல் சீறிக்கொண்டு வந்தது.

“அப்பாவுக்குப் பொடி போட்டதுக்கும் பிரிக்கிறதுக்கும் இன்னாமா சம்பந்தம்? வாயத் தொறந்திருந்தா இன்னைக்குக் கொடுவாளு வந்திருக்குமா? வண்டி பள்ளத்துக்குப் போயிருக்குமா? அவருக்குத்தான் டாக்டரம்மா மாத்திர குடுக்குறாங்களே, அதுக்கும் மேல நீ எதுக்குப் போட்ட?”

“அவருக்கு நான் எதுக்குடி போடப்போறேன்?” என்றாள் தைலம்மாள்.

முந்தானைக்குள் செருகியிருந்த வலது கையை மெதுவாக வெளியே எடுத்து, டாக்டரின் மேஜை மேல் வைத்தாள். காலையிலிருந்து அந்தக் கூழ் கிடைக்காத கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. அவள் இடது கையால் அழுத்திப் பிடித்தாள். அதுவும் சேர்ந்து ஆடியது.

“ரெண்டு சட்டி வச்சுக் கரைக்க இந்தக் கையால முடியல. நான் குடிக்கிறதத்தான் அவருக்கும் ஊட்டுனேன்.”