வாயசைக்க வந்த பெண்

என் குரலை மட்டும் கேட்டவர்கள் நான் ஒல்லியாக இருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேரில் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே! ஒலிப்புத்தகங்களுக்கு வாசிப்பது என் வேலை. ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற தம்பி. எதற்கெடுத்தாலும் 'கட்' சொல்வதால் அவன் எனக்கு கட் தம்பி.

அந்த மைக் பொல்லாதது. மின்விசிறி ஆகாது, வளையல் ஆகாது. வயிறு லேசாகச் சத்தம் போட்டாலும் பிடித்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் யார் யாரோ மெலியச் சொன்னதைக் கேட்டுப் பட்டினி கிடந்துகொண்டிருந்தேன். "அக்கா, சாப்பிட்டுட்டு வாங்க, உங்களுக்கு முன்னாடி வயிறு பேசுது. மூச்ச வேற வயித்துலேர்ந்து எடுக்கணும்" என்று கட் தம்பி மானத்தை வாங்கினான். அதற்கப்புறம் வயிறாரச் சாப்பிடாமல் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை.

இந்த முறை வந்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை தன் கதையைத் தானே எழுதிய புத்தகம். கல்யாணத்துக்கு முன்னால் மெலிய வேண்டும் என்று வீட்டில் போட்ட பட்டினி. நாலு பேர் முன்னால் இடுப்பு மடிப்பைக் கிள்ளிச் சிரித்த சித்தப்பா. வயிற்றில் தங்காமல் போன குழந்தை. அதற்கும் "உன் உடம்புதான் காரணம்" என்று ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று சொன்ன மாமியார். அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கட் தம்பி 'கட்' சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த அத்தியாயத்தில் அவள் தங்கையின் கல்யாணம். குடும்பப் படம் எடுக்கும்போது அவளை நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்களாம், உடம்பு தெரியக் கூடாதென்று. எனக்குப் பகீரென்றது. என் தங்கை கல்யாணப் படத்திலும் நாற்காலிக்கு மேலே என் தலை மட்டும்தான் இருக்கிறது. அங்கே நிற்கச் சொன்னது என்னைப் பெற்ற அம்மா. கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே வாசித்தேன். அந்த அத்தியாயம் ஒரே மூச்சில் முடிந்தது.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதற்காகப் போன அன்று முதலாளி ஒரு கேமராக்காரரோடு வந்து நின்றார். கூடவே ஒல்லியாக, சின்ன வயதில் ஒரு பெண். புத்தகத்துக்கு விளம்பர வீடியோவாம்.

"குரல் உங்களோடதுதாம்மா. பாப்பா மைக் முன்னாடி உக்காந்து வாய மட்டும் அசைக்கும்" என்றார் முதலாளி.

"என் குரலுக்கு அவ வாயா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. கேமராவுல நீங்க கொஞ்சம்..." கைகளை அகல விரித்தவர் பாதியில் சுருக்கிக்கொண்டார்.

"சார், புத்தகத்தப் படிச்சீங்களா?"

"அட்டையப் பாத்தேம்மா. பொம்பளைங்க கஷ்டத்தப் பத்தினதுதானே?"

அடப்பாவி மனுஷா! மறுபடியும் என்னை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள், அதுவும் இந்தப் புத்தகத்துக்கு. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கட் தம்பி பக்கத்தில் போய் நின்றேன். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்தப் பெண் மைக் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாரும் சத்தம் அடங்கி நின்றோம். ஒலிபெருக்கியில் 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"என்னம்மா, இன்னும் சாப்பிடலையா?" முதலாளி சிரித்தார்.

"நான் மூக்குமுட்டத் தின்னுட்டு வந்திருக்கேன் சார். மைக் முன்னாடி இருக்கறது யாரு?"

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலக்கா. தொப்பை தெரிஞ்சா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க."

"எது, இதுக்குப் பேரு தொப்பையா? சாப்பிடுடி மொதல்ல."

அவள் சாப்பிடச் சாப்பிட, அந்த நாற்காலிப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மெல்வதை நிறுத்திவிட்டாள்.

"இத எழுதினவங்களும் உங்கள மாதிரியாக்கா?"

"என்னவிட ஒரு சுத்து ஜாஸ்தி."

"அப்ப நான் எதுக்கு இங்க?" கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சார், நான் வாயசைக்க மாட்டேன்."

முதலாளி என்மேல் பாய்ந்தார். "வந்த புள்ளையக் கெடுத்துட்டீங்களே! எனக்கு வேற குரல் கிடைக்காதுன்னு நினைப்பா?"

"தாராளமா கிடைக்கும். மொதப் பக்கத்துலேர்ந்து வாசிக்கச் சொல்லுங்க. கடைசி அத்தியாயத்த நான் வாசிக்கணும்னா, வீடியோவுல என் மூஞ்சிதான் வரணும்." சொல்லும்போது என் குரல் ஆடவில்லை.

"சார், கடைசியில குரல மாத்துனா கேக்கறவங்க காறித் துப்புவாங்க" என்றான் கட் தம்பி, பொத்தான்களைப் பார்த்தபடி.

"என்னமோ பண்ணித் தொலைங்க!" முதலாளி கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மைக் முன்னால் போய் உட்கார்ந்தேன். கேமராக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து முதுகு உயர்ந்த ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தார்.

"மேடம், இதுக்குப் பின்னால நின்னு வாசிக்கறீங்களா? வயிறு தெரியாது."

"அந்த நாற்காலிய வெளிய கொண்டுபோய்ப் போடுங்க. இந்த வயித்துலேர்ந்துதான் எனக்குக் குரலே வருது. தெரியட்டும்."

கட் தம்பி கையை உயர்த்தினான். வயிறு புடைக்க மூச்சை இழுத்து, வாசிக்கத் தொடங்கினேன்.