கோரேசு உருளையும் ஒரு பிடி மண்ணும்

விருத்தாசலத்தில் வேல்விழி வேலை பார்த்த பீங்கான் பட்டறைக்கு முந்நூறு மண் உருளைகள் ஆர்டர் வந்திருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின பாரசீக ராஜாவுடைய உருளையின் நகல். மும்பைக் கண்காட்சியில் விற்பார்களாம்.

"யாருண்ணே இந்த ராஜா?"

"எங்க பைபிள்ல கோரேசுன்னு வருவாரு," என்றார் மேஸ்திரி தனபால். "புடிச்சாந்து வச்சிருந்த சனங்கள அவங்கவங்க ஊருக்கு அனுப்புனவரு. சாமியளக்கூட திருப்பிக் குடுத்தாரு. இப்ப அத எழுதிவச்ச உருளைய பாக்க மும்பையில வரிசையில நிக்குறாங்களாம்."

"அப்ப என்னையும் ஊருக்கு அனுப்புங்க. பன்னெண்டு மணிக்கு கோயில இடிக்க மிஷினு வந்துடும்."

"கோரேசு ஓனரா இருந்தா அனுப்புவாரு. நான் மேஸ்திரி. சூளையில அடுக்கிட்டுக் கெளம்பு."

கம்மாபுரம் பக்கத்து ஊர் அவளுடையது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வீடுகள் போய்விட்டன, வீரனார் கோயில் இன்றைக்கு. வீரனார் காலடியில் வீட்டுக்கு ஒருவர் பிடிமண் எடுத்துப் புது இடத்தில் போட்டால்தான் சாமி கூட வரும். போன ஞாயிறு ஊரே எடுத்தது. அன்றும் அவளுக்கு இங்கே வேலை. புருஷன் செத்த வீட்டில் வேறு ஆளில்லை.

அடுக்குமுன் ஒவ்வொரு உருளையையும் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம், சூட்டில் வெடிக்கும். கடைசிப் பலகையில் இருந்தவையெல்லாம் சில்லென்றிருந்தன. காய சாயங்காலம் ஆகும். மணி பதினொன்று.

அடுக்கினாள்.

"எல்லாம் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே."

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினாள். மிஷின் காலையிலேயே வந்துவிட்டிருந்தது. கோயில் இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். பிடிமண் முடிந்துகொள்ளக் கொண்டுவந்த மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, மண் ஏற்றிய லாரியின் டிரைவர் சொன்னான்: "மண்ணுதான வேணும்? வண்டி நெறைய இருக்குது, அள்ளிக்கக்கா."

அதில் வீரனார் மண் எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சூளையைத் திறந்தார்கள். ஈர உருளைகள் வெடித்துப் பக்கத்தில் இருந்தவற்றையும் உடைத்திருந்தன.

"கன்னத்துல வச்சுப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். சில்லுனுதான் இருந்துச்சு."

"தெரிஞ்சே வச்சியா?" தனபால் ஒரு சில்லைப் புரட்டிப் பார்த்தார். "மண்ணாவது கெடச்சிதா?"

"இல்லண்ணே."

அவர் சில்லைக் கீழே போட்டார்.

"ஓனரு வரதுக்குள்ள சில்லெல்லாம் கூட்டி அள்ளிடு," என்றார். "நாளையிலருந்து வராத."