மோசமில்லை

"அசையாதே அப்பா, கழண்டு விழுது."

தோருன் மூன்றாவது தடவையாக ஹெட்போனை அவர் காதுகளில் அழுத்தி வைத்தாள். ஒரே மாதத்தில் ஐலிஃபின் தலை அவ்வளவு வற்றிப்போயிருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அது நழுவிக் கழுத்துக்கு வந்தது. கடைசியில் முகம் துடைக்கிற துண்டை மடித்து உச்சந்தலையில் வைத்து அதன்மேல் மாட்டினாள். சாகக் கிடக்கிற மனுஷனை இப்படிப் போட்டுப் பாடாய்ப் படுத்த வேண்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது. ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அப்பாவின் குழுக்காரர்கள் இரண்டு பேரும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, "சொல்லிட்டானா? சொல்லிட்டானா?" என்று அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்குள் ஆல்பத்தை இசைத்தட்டு அடிக்கும் ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான் முறை கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு தடவை தவறவிட்டாயிற்று. இரண்டு தடவையும் இதே மனுஷனால்தான்.

'உறைமண்' என்று பெயர். ஒன்பது வருஷ ஆல்பம். மூடிப்போன பால் பண்ணை ஒன்றில், பழைய ஹாமண்ட் ஆர்கனும் அதைவிடப் பழைய மெல்லோட்ரானும் வைத்துக்கொண்டு, மூன்று கிழவர்களும் தோருனும் வாசித்தது. ஐலிஃப் ஆர்கனும் மெல்லோட்ரானும், மாங்னார் டிரம்ஸ், யோஸ்தைன் பேஸ் கிட்டார். சொந்த ஊரான வெர்டாலில் இவர்களுடைய இசையைக் கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனால் ஜப்பானிலிருந்து கடிதம் வரும், ஜெர்மனியிலிருந்து ஒரு பல் டாக்டர் கார் ஓட்டிக்கொண்டு வந்து பால் பண்ணை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார். உள்ளூர் ஆட்கள் அவருக்கு வழி சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

தோருன் நகராட்சி இசைப்பள்ளியில் புல்லாங்குழல் டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அப்பா அவளைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு அவள் வாசித்த ஒவ்வொன்றையும் தூக்கிப் போட்டார். காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"மூச்சு கேக்குது."

"புல்லாங்குழல்னா மூச்சு கேக்கத்தான்ப்பா செய்யும்."

"பெட்டியில கேக்கல பாரு."

பெட்டி என்றால் மெல்லோட்ரான். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடா. யாரோ ஒருத்தர் எந்தக் காலத்திலோ ஊதிப் பதிந்த புல்லாங்குழல் ஒலி அதில் இருக்கும். கட்டையை அழுத்தினால் எட்டு வினாடி ஒலிக்கும், அப்புறம் நாடா தீர்ந்துபோய்ச் சட்டென்று நின்றுவிடும். மழை பெய்தால் சுருதி இறங்கும், வெயிலடித்தால் ஏறும். அந்தச் சனியனைத் தூக்க நாலு பேர் வேண்டும். அதற்குப் பால் பண்ணையில் தனி ஹீட்டர் இருந்தது. தோருனுக்கு மேல்கோட்டுதான்.

கடைசிப் பாட்டின் நடுவில் நாலு நிமிடம் குழல் மட்டும் வரும் இடம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இவ்வளவும். அந்த நாலு நிமிடத்துக்கு இரண்டு மிக்ஸ் செய்து வைத்திருந்தார்கள். ஒன்றாவதில் பெட்டியின் குழல். இரண்டாவதில் தோருனின் குழல், தனியாக. போன குளிர்காலம் முழுக்க அதை நாற்பது தடவையாவது வாசித்திருப்பாள். எது போக வேண்டும் என்று ஐலிஃப்தான் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வருஷமாக அந்தக் குழுவில் ஒரே சட்டம்: ஐலிஃப் "மோசமில்லை" என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கே "மோசமில்லை" என்பது பெரிய வார்த்தைதான். ஐலிஃபிடமிருந்து அதை வாங்குவதோ கல்லில் நார் உரிக்கிற வேலை. கல்யாணத்தன்று தன் உடுப்பைப் பார்த்து அவர் அதைச் சொன்னதாக அம்மா சாகிறவரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பால் பண்ணையில் வெள்ளம் புகுந்து, வடிந்த பிறகு ஹாமண்டைப் போட்டுப் பார்த்தபோது ஒரு தடவை சொன்னார். தோருன் பட்டம் வாங்கினாள், பிள்ளை பெற்றாள், தலைநகரத்தில் பெரிய அரங்கில் வாசித்துவிட்டும் வந்தாள். மூன்றுக்கும் "சரி" என்றார். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் முத்தா உதிர்ந்துவிடும்?

ஒன்றாவது மிக்ஸைப் போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பாட்டு முடிந்ததும் உதடு அசைந்தது.

"அருமை," என்றார். "ரொம்ப ரொம்ப அழகா இருக்கு."

தோருனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "அருமை" என்பது வெளியாட்களுக்கு அவர் சொல்கிற வார்த்தை. டவுன் பேண்டு வாத்தியத்தில் மே பதினேழு தேசிய தின ஊர்வலத்துக்குத் தப்புத்தப்பாக ஊதுகிறவர்களிடம் சொல்வது. பாதிரியாரின் மனைவி பாடி முடித்ததும் கையைக் குலுக்கிச் சொல்வது. வீட்டுக்கு வந்த பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, நான் தோருன். என்கிட்ட போய் அருமைங்கிற?"

"தெரியும்," என்றார் அவர். அதோடு சரி.

என்ன தெரியும்? எது தெரியும்? விளக்கமாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது மிக்ஸைப் போட்டாள்.

அப்போது ஒட்னி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். அப்பா இருந்த முதியோர் இல்லத்தின் நர்ஸ், தோருனுடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நல்லவள், ஆனால் வாய் ஓயாது.

"வியாழக்கிழமை, ரவைப் புட்டிங்! ரெண்டு நாளா ஒண்ணும் இறங்கல. இன்னைக்கு ஒரு வாயாவது ஊட்டாம விடமாட்டேன்."

"இப்ப வேணாம் ஒட்னி. கேட்டுக்கிட்டிருக்கார்."

"காதுல கேக்கட்டும், வாயில சாப்பிடட்டும். ரெண்டும் வேற வேற ஓட்டைதானே."

கட்டிலின் தலையை உயர்த்தினாள். கரண்டியின் நுனியில் கொஞ்சம் புட்டிங்கையும் சிவப்புச் சாறையும் எடுத்து உதட்டில் வைத்தாள். ஆச்சரியம், ஐலிஃப் வாயைத் திறந்தார். கட்டில்மேல் இருந்த சின்ன பிளேயரின் திரையில் பாட்டு ஒன்பதாவது நிமிடத்தைத் தாண்டியிருந்தது. ஹெட்போனின் ஓரத்தில் தன் குழல் சன்னமாகக் கசிவதைத் தோருன் கேட்டாள். தன் மூச்சும் கேட்டது, ஒவ்வொரு அடிக்கு முன்னாலும்.

"எப்படி இருக்கு ஐலிஃப்?" என்றாள் ஒட்னி.

"மோசமில்லை!" என்று கத்தினார் அவர். காதை அடைத்துக்கொண்டிருக்கிறவர்கள் கத்துகிற மாதிரி, நடைக்கூடம் வரை கேட்கிற கத்தல்.

ஒட்னியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! பிடிச்சிருக்கு அவருக்கு!"

தோருன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். "அப்பா, எதைச் சொன்ன? பாட்டையா, புட்டிங்கையா?"

"ம்," என்றார் ஐலிஃப்.

"ம்முன்னா எது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கப் போகிறவர் முகம். சண்டை வருமென்று தெரிந்தால் வீட்டிலும் இதே முகத்தைத்தான் வைத்துக்கொள்வார். போன் மறுபடி அடித்தது. தோருன் அதை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனாள்.

"சொல்லிட்டார்," என்றாள்.

"எதுக்கு?" இது மாங்னார்.

"ரெண்டாவதுக்கு. இல்ல, புட்டிங்குக்கு. தெரியல."

"புட்டிங்கா? என்னடி உளர்ற?"

"உன் சிநேகிதன்கிட்ட வந்து நீயே கேளு! மூணு வருஷமா உங்க மூணு பேரையும் கட்டி மேய்ச்சுட்டேன். இனிமே என்னால முடியாது!"

ஐந்து நிமிடம் கத்தியிருப்பாள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போனார். அவள் அறைக்குத் திரும்பியபோது ஒட்னி கட்டிலருகே ஐலிஃபின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"தோருன்," என்றாள், மெதுவாக.

அந்த இழுப்பு மூச்சு நின்றிருந்தது. துண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஹெட்போன் கழுத்துக்கு நழுவியிருக்க, பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். ஒரே ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடாதா? நான் கதவுக்கு அந்தப் பக்கம் போன நேரம்தான் கிடைத்ததா? அவள் பாட்டை நிறுத்தினாள், ஹெட்போனைக் கழற்றினாள், துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒட்னி ஜன்னலைத் திறந்துவிட்டாள். யார் போனாலும் அங்கே ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் உள்ளே வந்தது. மேஜையில் ஒரு மெழுகுவத்தியும் வைத்தாள். தீ விபத்து விதிகளால் அது பேட்டரியில் எரிவது.

இரண்டு மணிக்கு மாங்னாரும் யோஸ்தைனும் வந்தார்கள். பூட்ஸ் மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்ததால் இருவரும் சரசரவென்று நடந்தார்கள். கட்டில் அருகே நின்றார்கள். மாங்னார் போர்வைக்கு மேலாக ஐலிஃபின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. யோஸ்தைன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மணி ரெண்டே கால்," என்றார் யோஸ்தைன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இப்பவா?" என்றாள் தோருன்.

"அவன் இருந்தா அவனும் இதைத்தான் சொல்லுவான்."

"அவர் இருந்தா இன்னொரு வருஷம் தள்ளிப் போடுன்னு சொல்லுவார்!"

மாங்னார் மூக்கைச் சிந்தினார். "நடந்ததைச் சொல்லு. அவன் சொன்னப்ப என்ன ஓடிச்சு?"

"குழல் இடம். ரெண்டாவது."

"அப்புறம் என்ன? ரெண்டாவதுதான்."

"நான்தான் எப்படி இருக்குன்னு கேட்டேன்," என்றாள் ஒட்னி. "கேட்டதுக்குப் பதில் சொன்னார். பொய் சொல்ல முடியுமா நான்?"

"காதை அடைச்சிருந்தா நீ கேட்டது அவனுக்கு எப்படிக் கேக்கும்?" என்றார் மாங்னார்.

"என் வாயைப் பாத்தார். பாதி பேர் இங்க உதட்டைப் பாத்துத்தான் பேசுறாங்க."

"கண்ணு திறந்திருந்துச்சா?"

"திறந்து... இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா, இருந்துச்சா?"

"போலீஸ் விசாரணையா இது?" என்றாள் ஒட்னி.

யோஸ்தைன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "சந்தேகம்னா பெட்டிதான் போகணும். முதல் ரெண்டு ஆல்பத்துலயும் பெட்டிதான். கோவிச்சுக்காதே தோருன். அவன் வார்த்தை இல்லாம உன்னோடதை அனுப்பினா, செத்தவன் வாயில நாம வார்த்தையைப் போட்ட மாதிரி ஆயிடும்."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் தோருனை இன்னும் அறுத்தது. இந்தக் குழல் தன்னுடையது என்பதற்காக அவள் எப்படி வாதாடுவாள்? வாதாடி வாங்கினால் அது என்ன மோசமில்லை? அவளுக்கு ஆல்பமே வேண்டாமென்று தோன்றியது. எழுந்து, கைக்கு வேலை வேண்டுமே என்று சாப்பாட்டுத் தட்டை ஒழுங்குபடுத்தினாள். கிண்ணத்தில் புட்டிங் அப்படியே இருந்தது, ஓரத்தில் ஒரு கரண்டி அளவு மட்டும் குழி.

"இதை யாராவது தின்னு பாத்தீங்களா?" என்றாள்.

அவள் அதே கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சர்க்கரை இல்லை. உப்பும் இல்லை. ரவை வேகாமல் கட்டி கட்டியாக நின்றது. சிவப்புச் சாறு இருமல் மருந்து மாதிரி நாக்கில் ஒட்டியது. அம்மா செய்கிற புட்டிங்கிலேயே ஒரு கட்டி தட்டுப்பட்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோகிற மனுஷன் இவர்.

அவள் கரண்டியை மாங்னாரிடம் நீட்டினாள். மாங்னார் எதைக் கொடுத்தாலும் தின்கிற ஆள். ஒரு வாய் போட்டார். மெல்வதை நிறுத்தினார். மிகுந்த சிரமத்தோடு விழுங்கிவிட்டுக் கரண்டியை யோஸ்தைனிடம் கொடுத்தார். யோஸ்தைன் சுவைத்துவிட்டு உடனே காபியைத் தேடினார்.

"எங்க சமையலறையைக் குத்தம் சொல்லாதீங்க," என்று ஒட்னி கரண்டியைப் பிடுங்கி ஒரு வாய் போட்டாள். அவள் முகம் கோணியது. "கடவுளே," என்றாள். "இதுக்கா அவர்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

யோஸ்தைன் மடிக்கணினியைத் திறந்து கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"ரெண்டாவதுதானே?" என்றார்.

தோருன் தலையசைத்தாள். அவள் அதற்குள் கிண்ணத்தோடு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், வாயில் புட்டிங் இருந்தது. ஒட்னி கிண்ணத்தை எடுத்துவைக்கக் கையை நீட்டினாள். தோருன் கொடுக்கவில்லை. அவ்வளவையும் வழித்துச் சாப்பிட்டாள்.