மழை புகாத பை

எங்கள் ஊரில் ஆளுக்கொரு மழை உண்டு. சைக்கிள் பழகி, முதன்முறையாக விழாமல் தெருமுனை வரை போய்த் திரும்பும் வாரத்தில் அது வந்து சேரும். பிறகு சைக்கிளில் எங்கே போனாலும் தலைக்கு மேல் கூடவே வரும். வங்கிக் காசாளரின் மழைக்கு இடி இடிக்காமல் எதையும் சொல்லத் தெரியாது. சித்த மருத்துவர் தெய்வானையின் மழை வெறும் தூறல்தான், ஆனால் அவர் வீடு சேரும்வரை நச்சரித்துக்கொண்டே வரும். என்னுடையது பொதுவாகத் தங்கமான மழை. மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது, அது ஒன்றுதான் குறை.

எனக்கு அப்பளக் கம்பெனியில் வேலை. வீடுகளில் பெண்கள் தேய்த்துக் காயவைத்த அப்பளத்தில் மாதிரிக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, தினமும் காலையில் சைக்கிளில் முதலாளியம்மா மரகதவல்லியிடம் கொண்டுபோக வேண்டும். அவர் பொரித்துக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் அன்றைய சரக்கு வெளியே போகும். வழியில் என் மழை துணிப்பைக்குள் புகுந்து ஒவ்வோர் அப்பளத்தையும் தடவிப் பார்த்துவிடும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. ஆனால் மழை தடவிய அப்பளம் எண்ணெயில் எழும்பாது. இரண்டாம் முறை அப்படி ஆனபோது முதலாளியம்மா ஒன்றை இடுக்கியில் தூக்கிப் பிடித்தார். அது ஈரக் கைக்குட்டை போலத் தொங்கியது.

"திருமேனி, இன்னொரு தடவை இப்படி நமத்துப்போய் வந்துச்சுன்னா, அதோடயே நீங்களும் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்திச் சொன்னது எதுவும் இதுவரை நடந்ததில்லை, உயர்த்தாமல் சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது.

ஆகவே, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற, மழை புகாத ஜோடிப் பை வாங்குவது என்று முடிவு செய்தேன். வாரநாளில் அப்பளத்துக்கு ஆயிற்று, சனி ஞாயிறில் கூடாரத்துக்கும் ஆயிற்று. சனிக்கிழமையானால் நானும் மழையும் அணைக்கட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவோம். எனக்கு வேறு சிநேகிதம் இல்லை. அந்த இரண்டு நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டுகிறேன்.

பயமும் அதுதான். மனம் நொந்த மழை திரும்பி வராது. தையல்கடை அருளானந்தம் ஒரு நாள் தலை முதல் கால் வரை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருடைய மழை அன்றே அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இப்போது அவர் பேருந்து நிலையத்தில் நின்று, கொஞ்சம் ஓரமாக நனைந்துகொள்ளலாமா என்று அடுத்தவர்களிடம் கேட்கிறார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வேலையும் போகக் கூடாது, மழையும் போகக் கூடாது. ஒரே பையில் இரண்டும் நடக்க வேண்டும்.

பை வாங்கப் போகிறவர் தன் மழையையும் அழைத்துப் போவது எங்கள் வழக்கம். ஜபருல்லா பாய் கடையில், மழையைப் பார்க்காமல் பையைக் கீழே இறக்க மாட்டார்கள். பாய் வாசலில் ஒரு சாக்கை விரித்து என் மழையை நிற்கச் சொன்னார். மேலிருந்து விழுகிற ரகமா, சக்கரத்தில் பட்டுக் கீழிருந்தும் அடிக்குமா என்று விசாரித்தார். இரண்டும் உண்டு என்றேன். பாய் ஜிப் வைத்த பையை எடுத்து வைத்தார். மழை ஜிப்பின் பல் வழியாக உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. அடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் நூல் தையல். ஊசி போன வழியெல்லாம் மழையும் போனது. போகிற போக்கில் பாயின் வெற்றிலைப் பெட்டியையும் திறந்து பார்த்தது.

கடைசியாக வந்த ஜோடியில் தையலே இல்லை, ஓரமெல்லாம் சூடு வைத்து ஒட்டியிருந்தது. வாயை மடித்து மடித்துச் சுருட்டிக் கொக்கி போட வேண்டும். மிதிக்கும்போது குதிகாலில் இடிக்காது, ஒரே இழுப்பில் கழற்றிக் கையோடு எடுத்துப் போகலாம், கூடாரமும் அடங்கும். மழை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அடியில் போய்ப் பார்த்தது. பிறகு சாக்கின் மேல் போய் நின்றுகொண்டது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"வாங்கிட்டுப் போங்க தம்பி, பை நல்ல பை" என்றார் பாய். "ஆனா உங்க மழை முகமே சரியில்ல. பார்த்து நடந்துக்கங்க."

பார்த்துத்தான் நடந்துகொண்டேன். இடப்பக்கப் பை எனக்கு, வலப்பக்கப் பை உனக்கு என்று மழையிடம் சொன்னேன். வலப்பக்கப் பையில் மூடி போட்ட டப்பாக்களாகப் போட்டு, வாயைத் திறந்தே விட்டேன். திறந்து பார், மூடு, மறுபடி திற, உன் இஷ்டம் என்றேன். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை சைக்கிள் இடப்பக்கமாகவே சாய்ந்தது. அப்பளம் நல்ல கனம் என்று நினைத்துக்கொண்டேன். சாலை காய்ந்து கிடந்தது, தலைமுடி காற்றில் பறந்தது. மழைக்கு உடம்பு சரியில்லையா என்று எதிரில் வந்த தெய்வானை கேட்டார். ஒரு வழியாகப் புத்தி வந்து ஒதுங்கியிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

கம்பெனியில் பையைக் கழற்றி மேசை மேல் வைத்துச் சுருட்டைப் பிரித்தேன். உள்ளே மழை இருந்தது. நான் வாயைச் சுருட்டுவதற்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டுக் கசியவில்லை. பையைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நேரம் உள்ளே சும்மா இருக்க முடியாமல், அப்பளத்தையெல்லாம் பழையபடி மாவாகப் பிசைந்து வைத்திருந்தது.

முதலாளியம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் மாவில் கொஞ்சம் கிள்ளி எண்ணெயில் போட்டார். அது குப்பென்று உப்பி மேலே வந்தது. கடித்தார். நிதானமாக மென்றார்.

"யார் பிசைஞ்சது?"

"மழைதாம்மா."

"உங்களோடதா?"

"ஆமாம்மா."

இன்னொன்று கிள்ளிப் போட்டார். "நாளையிலிருந்து அதை வரச் சொல்லுங்க. நீங்க வேணாம்."

குரலை உயர்த்தவில்லை. அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அதை மறைக்க மழையும் என் முகத்தின் மேல் மட்டும் பெய்துகொண்டே வந்தது. வேலையைப் பறித்ததும் அதுதான், துடைத்துவிட்டதும் அதுதான். யாரைத் திட்டுவது?

காலையில் மழை பைகளை மாட்டி, தான் பிசைந்த மாவை இடப்பக்கத்தில் வைத்து, வாயை ஒழுங்காகச் சுருட்டிக் கொக்கி போட்டது. சைக்கிளில் ஏறிக் காலை ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. கிளம்பவில்லை. சைக்கிளில் போகிறவருக்குத் தலைக்கு மேல் ஒன்று வேண்டாமா? நான் அதன் தலைக்கு மேலே ஏறிக்கொண்டேன்.

முதல் வாரம் எனக்குத் தூறலுக்கு மேல் வரவில்லை. இப்போது பரவாயில்லை, வளைவுகளில்கூடப் பின்தங்காமல் பெய்கிறேன். நேற்று வங்கிக் காசாளர் எனக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டார். சனிக்கிழமை அணைக்கட்டுக்குப் போகிறோம். இரவு முழுக்கப் பெய்ய வேண்டியிருக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை நான் சீக்கிரமே படுத்துவிடுகிறேன்.