ஏழாம் தடுப்பின் பாய்

கொடிக்கம்பத்தில் நைலான் நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, நூல்கண்டை அவிழ்த்துக்கொண்டே நூற்றைம்பது கஜம் பின்னால் நடந்து வந்தாள் கோச்சின் மகள். திங்கட்கிழமை கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு விடுமுறை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை அப்பாவிடம் கேட்காமலே எடுத்து வந்திருந்தாள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கான பொறுமை சனிக்கிழமையோடு தீர்ந்துபோயிருந்தது.

சனிக்கிழமை அணித் தேர்வில் அவள் அடித்த பந்துகளில் பாதிக்கு மேல் இடப்பக்கத்து மரங்களுக்குள் போய் விழுந்தன. திடலில் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது போல விழுகிற பந்து, வெளியே புல்தரையில் மட்டும் ஏன் இப்படி ஓடுகிறது? மூன்று வருடமாக அப்பாவிடம் இதற்குப் பதில் இருந்தது. கை முந்துகிறது. தலை தூக்குகிறாய். தோள் சீக்கிரம் திரும்புகிறது. வேறு ஒன்றும் அகப்படாத நாளில், உனக்குத் தைரியம் போதாது. திடலில் எல்லோரையும் போல அவளும் அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டு மட்டும் பெற்ற மகளுக்கென்று தாராளமாகவே வரும். தேர்வு முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வேறொரு அணியின் கோச்சம்மா பக்கத்தில் வந்து, நீ தினமும் நிற்கிற இடம் நேராக இருக்கிறதா என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி அவளைச் சும்மா இருக்க விடவில்லை. பத்தொன்பது நாளில் இன்னொரு தேர்வு இருக்கிறது. அவள் வயதுக்கு அதுதான் கடைசி.

திடலில் ஆளுக்கொருவர் நின்று பந்தடிக்கிற தடுப்புகளில், அவள் பழகுகிற ஏழாம் தடுப்பு மூலையில் இருந்தது. அதன் சுவர் கொஞ்சம் கோணல். சுவரை ஒட்டித்தான் பச்சைப் பிளாஸ்டிக் புல்பாயைப் போட்டிருந்தார்கள். பாயின் ஓரத்துக்கு நேராகப் பாதங்களை வை என்பதுதான் அப்பாவின் முதல் பாடம். நூலை விறைப்பாக இழுத்துப் பாய்மேல் பிடித்தாள். பாயின் ஓரம் அதன் நீளத்துக்குள்ளேயே நூலிலிருந்து அரைச்சாண் வலப்பக்கம் விலகியிருந்தது. கொடி வரை போனால் அது பத்துக் கஜத்தைத் தாண்டும். ஆக, வலப்பக்கம் பார்த்து நின்றுகொண்டு பந்தை இடப்பக்கம் இழுத்து அடிக்கத்தான் மூன்று வருடம் உயிரைக் கொடுத்துப் பழகியிருக்கிறாள். வெளியே கொடியை நேராகப் பார்த்து நின்றபோதும் கை பழகியதையே செய்துவிட்டது.

பாயை நேராக்கலாம் என்று ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாள். அடியில், சிமெண்டுத் தரையில், நீலச் சாக்பீஸால் ஒரு கோடு. அவள் கட்டிய நூலோடு இம்மி பிசகாமல் கொடியைப் பார்த்து ஓடியது. கோட்டின் நுனியில் ஓர் அம்பு. அம்பின் தலையை இப்படி முக்கோணமாக மூடி, உள்ளே தீற்றியும் வைக்கிறவர் அந்தத் திடலில் ஒரே ஒருவர்தான்.

சாவியைக் காணாமல் தேடி வந்த அப்பா அந்த நேரம் பார்த்துத்தான் வந்து நின்றார். அவள் திரும்பவில்லை.

"இந்தக் கோடு எப்பப் போட்டீங்கப்பா?"

அவர் நூலைப் பார்த்தார், தூக்கிய பாயைப் பார்த்தார். "போன மழைக்கு முன்னாடி."

"எட்டு மாசம். தெரிஞ்சுக்கிட்டே தினமும் என் கையைத் திட்டியிருக்கீங்க."

சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்ற வேண்டியிருந்திருக்கும், தேர்வு வேறு நெருங்கிவிட்டது, பதினோரு வருடமாக இந்தப் பாயில் படித்துப் போனவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். "உன்னால தாங்க முடியாதுன்னு நினைச்சேம்மா."

"என்னாலயா, உங்களாலயா?"

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பாயைத் தரதரவென்று இழுத்துக் கோட்டுக்கு நேராகப் போட்டாள். தன் மட்டையை அவர் கையில் திணித்தாள்.

"நில்லுங்க. நான் பாக்கறேன்."

நிற்க மாட்டார் என்றுதான் நினைத்தாள். நின்றார். பாதங்களை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நேரான பாயில் அவருக்கு நிற்கவே வரவில்லை. அடித்த பந்து இடப்பக்கத்து வலையில் போய் மோதியது. அடுத்ததும் அங்கேதான். அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வெயில் நேராக அடித்தது.

அவள் பந்துக்கூடையைக் காலால் கவிழ்த்தாள். நூறு பந்துகளும் அவர் கால்களைச் சுற்றி உருண்டு ஓடின. அவர் ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மெல்லக் குனிந்து, ஒரு பந்தை எடுத்துப் பாய்மேல் வைத்தார்.