உதட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

பிரிண்ட் கடையில் எல்லோருக்கும் அவள் புள்ளி அக்கா. பதினெட்டு வருடமாகப் படங்களில் விழுந்த தூசியை அழிப்பதுதான் வேலை. திரையில் முகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலைக்கு மூலை துடைப்பாள். பழக்கம் லேசில் விடுமா? பேருந்தில் முன்னால் நிற்பவரின் சட்டையில் நூல் ஒட்டியிருந்தாலும் கை பரபரக்கும்.

ஊர் ஊராகச் சுற்றி, வேலை செய்கிற மனிதர்களைப் படம் பிடிக்கும் தாடிக்காரருக்கு அவளைத் தவிர வேறு யாரும் தன் படத்தைத் தொடக்கூடாது. அவர் பிடிப்பது ஸ்லைடு ஃபிலிம். ஸ்கேன் செய்யும்போது அதில் ஒட்டியிருக்கும் தூசி பிரிண்டில் கறுப்புப் புள்ளியாக விழும். ஒரு படத்துக்கு ஐம்பது அறுபது தேறும். கண்காட்சிக்கு ஒரு பிரதி, படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி என்பது அவர் வழக்கம். அவர் கொடுத்த சீட்டைக் காட்டி, இந்தக் கடையிலேயே அவரவர் வாங்கிக்கொள்ளலாம்.

அன்று காலை, சாவி செய்யும் பெண் ஒருத்தி மூன்று பேருந்து மாறி வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். புள்ளி அக்காவே படத்தை உறையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். தடித்த காகிதத்தில், அரத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கும் முகம். முன்கையெல்லாம் பித்தளைத் தூள். அந்தத் தூளில் ஒரு பொட்டைக்கூடப் புள்ளி அக்கா அழிக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வந்தவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மச்சத்தக் காணோமேக்கா."

புள்ளி அக்கா அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கீழுதட்டுக்குக் கீழே, எள்ளளவு.

"எங்கம்மாவுக்கும் இதே எடத்துல இருந்துச்சு. என் வயசுலதான் போனாங்க, ஒரு போட்டோகூட இல்ல. அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பெருசா செவுத்துல இருந்தா அம்மாவப் பாத்த மாதிரி இருக்கும்னுதான் படத்துக்கே ஒத்துக்கிட்டேன்." படத்தை மெல்ல நகர்த்திவைத்தாள். "இது நான்கூட இல்லக்கா."

உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "வெளிச்சம் அடிச்சிருக்கும்மா, அதான் தெரியல" என்று பூசி மெழுகினார்.

வந்தவளும் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். ஆமாம் என்று புள்ளி அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினெட்டு வருடத்துப் பேர் பிழைத்துவிடும். கண்காட்சிப் பிரதியில் கையெழுத்துப் போட்டபோது தாடிக்காரர் கண்ணிலேயே மச்சம் இல்லாதது படவில்லை. புள்ளி அக்கா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் இல்லம்மா, நான்தான். தூசின்னு நெனச்சு அழிச்சிட்டேன்."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா நீங்க! கண்காட்சிப் படமும் இப்படித்தானே இருக்கும்? சட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டாச்சு. நாளைக்குத் தெறப்பு!"

"அதையும் பிரிச்சிடுங்க சார். அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

துடைக்காத மூலப்படத்தைத் திரையில் திறந்து, வந்தவளைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தாள். முதன்முறையாக ஒவ்வொரு புள்ளியையும் கேட்டுக் கேட்டு அழித்தாள்.

"இது?"

"தூசி."

"இது?"

"அம்மை வடு. இருக்கட்டும்க்கா."

அதையும்தான் போன முறை அழித்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை முகங்களில் எதையெல்லாம் துடைத்திருப்போம் என்று நினைத்ததும் புள்ளி அக்காவுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. அவர்களில் பலர் படத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருப்பார்கள்.

மதியத்துக்குமேல் புதுப் படம் வந்தது. மை காய்ந்ததும் வந்தவள் குனிந்து, உதட்டுக்குக் கீழிருந்த புள்ளியை நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

"ஐயையோ, தொடாதீங்க!" என்று முதலாளி பாய்ந்து வந்தார். புள்ளி அக்கா அவரைக் கையமர்த்தினாள்.

அவள் இன்னொரு முறை சுரண்டிவிட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புள்ளி பெயரவில்லை; நக இடுக்கில் எப்போதும் இருக்கும் பித்தளைத் தூள்தான் இருந்தது.